சூடுபட்ட கருங்கல்லைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீப்பிடித்த கட்டடத்தின் கருங்கல் அத்திவாரமோ, உலையில் சூடாக்கிய பாறைத் துண்டோ, கையில் கிடைத்ததும் பலரும் அமுக்க வலிமையைத்தான் (கல் நொறுங்கும் முன் தாங்கும் உச்ச அழுத்தம்) முதலில் கேட்கிறார்கள். ஆனால் வலிமை தாமதமாகத்தான் விழும். கனிமங்கள் ஆளுக்கொரு அளவில் விரிவதால் மணிகளுக்கு இடையே நுண்வெடிப்புகள் உண்டாகி, யங்கின் மட்டு (கல்லின் விறைப்பைக் காட்டும் எண்) அதற்கு முன்னரே இறங்கத் தொடங்கிவிடும். தகைப்பு–விகார வளையியின், அதாவது அழுத்தம் ஏற ஏறக் கல் எவ்வளவு சுருங்குகிறது என்று காட்டும் கோட்டின், அடிப்பகுதியைப் பாருங்கள். சேதமில்லாத கல்லில் சிறு வளைவுக்குப் பின் கோடு நேராகும். சூடுபட்ட கல்லில் அந்த வளைவு நீண்டுகொண்டே போகும். வெடிப்புகள் சுமையில் மூடிக்கொள்வதையே அது காட்டுகிறது. உச்ச எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வளையியைக் கைவிட்டால், சுமையில் கல் எப்படி உருமாறியது என்பதைப் பற்றிச் சொல்ல உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

அடுத்தது உலை. அவசரத்தில் நிமிடத்துக்கு 20 பாகை செல்சியஸ் ஏற்றுகிறார்கள். 54 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருளையில் அந்த வேகத்தில் மேற்பரப்புக்கும் மையத்துக்கும் இடையே ஏறத்தாழ 60 பாகை வித்தியாசம் இருக்கும். கல் சூடேறச் சூடேற வெப்பம் கடத்துவது குறைவதால் அது இன்னும் கூடும். பிறகு கல் வெடித்தது 400 பாகையாலா, வேகத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நிமிடத்துக்கு 1 முதல் 2 பாகை போதும்; வித்தியாசம் 10 பாகைக்குள் அடங்கும். துளையிட்ட உதிரி மாதிரி ஒன்றின் நடுவில் தெர்மோகப்பிளை (வெப்பநிலையை அளக்கும் கம்பி உணரி) செருகி, மையம் இலக்கைத் தொட்ட பிறகே நிறுத்தி வைக்கும் நேரத்தை எண்ணுங்கள். ஆறவைப்பதும் இதே போல்தான். 600 பாகையில் கதவைத் திறந்து மேசையில் வைத்தால் நீங்கள் சோதிப்பது வெப்ப அதிர்ச்சியை. தீயில் கிடந்த சுவரென்றால் தண்ணீர் பீய்ச்சப்பட்ட பக்கத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

400, 600, 800 என்று தாவுவதும் நல்லதல்ல. குவார்ட்ஸ் 573 பாகையில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்கிறது. அதையொட்டி அதன் விரிவும் திடீரென ஏறும். கொழும்பில் நாம் கையாளும் நெய்ஸ் (பட்டை பட்டையாக அமைந்த உருமாறிய பாறை) கற்களில் குவார்ட்ஸ் தாராளம், ஆகவே 550இலும் 600இலும் மாதிரி வேண்டும். நெய்ஸின் பட்டைகள் சுமைக்கு எந்தத் திசையில் கிடக்கின்றன என்பதையும் எழுதிவையுங்கள்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லைச் சோதிப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 800 பாகைக்கு மேல் அதன் முக்கிய கனிமமான கல்சைட் சிதைந்து சுட்ட சுண்ணாம்பாகும். நம்மூர் ஈரக்காற்றில் திறந்து வைத்தால் அது நீரை உறிஞ்சி ஏறத்தாழ இரு மடங்காகப் பருக்கும். மாலையில் உலையிலிருந்து முழுதாக வந்த உருளை, அழுத்திப் பார்க்கும் முன்பே ஓரம் உதிர்ந்து பொடியாகிக் கிடக்கும். ஆறியவுடன் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பாத்திரத்தில் வைத்து, தாமதிக்காமல் சோதியுங்கள்.

சூடாக்காத ஒப்பீட்டு மாதிரியையும் 105 பாகையில் எடை மாறாத வரை உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால், களி கலந்த மணற்கல் 200 பாகையில் "பலப்பட்டது" என்று அறிக்கை எழுத நேரும். அதில் ஒரு பங்கு வெறும் உலர்வுதான். அலை வேகத்தை (கல்லினூடே ஒலி அலை செல்லும் வேகம்; வெடிப்புகள் இருந்தால் குறையும்) அளக்கும்போதும் ஈரம் ஏமாற்றும். வெடிப்புகளில் நீர் நிறைந்தால் வேகம் கூடி, சேதம் மறைந்துவிடும். அதே மாதிரியை, அதே உலர்ந்த நிலையில், சூட்டுக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிடுங்கள்.

சுவரிலிருந்து துளைத்தெடுத்த முழு உருளையை அப்படியே அழுத்துவது இன்னொரு தவறு. ஒரு மணி நேரத் தீயில் சூடு சில சென்ரிமீற்றர் ஆழத்துக்குத்தான் கடுமையாக இறங்கும். முழு நீளத்துக்கும் ஒரே எண் சொன்னால் வெந்த பகுதியும் நல்ல பகுதியும் கலந்துபோகும். தீப்பட்ட முகத்திலிருந்து உருளையை வில்லைகளாக அறுத்து, ஒவ்வொன்றிலும் அலை வேகம் பாருங்கள். வேகம் பழைய நிலைக்குத் திரும்பும் ஆழம் வரைதான் கல்லை அகற்ற வேண்டியிருக்கும்.