பக்கத்து நாடுகளின் சுகாதார எண்களை ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த இருவர் தங்கள் முதல் அட்டவணையைக் கொண்டுவந்து காட்டினார்கள். இந்தியா, வங்கதேசம், நேபாளம், பாகிஸ்தான், இலங்கை என்று ஐந்து நாடு, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு சிசு மரண விகிதம் (ஆயிரம் பிறப்புக்கு, ஒரு வயது நிறையும் முன் இறக்கும் குழந்தைகள்), மோசமானதற்குச் சிவப்பு, நல்லதற்குப் பச்சை. பார்த்ததுமே வயிற்றைப் பிசைந்தது. 2020-இல் நான் போட்ட அதே அட்டவணை. ஆயிரத்துக்கா லட்சத்துக்கா என்ற குழப்பம், ஆண்டு போட மறப்பது எல்லாம் நீங்களே பிடித்துவிடுவீர்கள். கண்ணில் படாமல் தப்பிப்போகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

கணக்கெடுப்பு எண்ணையும் பதிவு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது

அந்த ஆண்டு களப்பணியாளர் கையேடு ஒன்றில் வங்கதேசத்துக்கு 38 என்று போட்டேன். அது அவர்களுடைய 2017-18 மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் வந்தது. இந்தியாவுக்கு 32, நம் மாதிரிப் பதிவு முறையின் 2018-ஆம் ஆண்டு எண். இரண்டும் அரசு வெளியிட்டவை, இரண்டும் ஆயிரம் பிறப்புக்கு, ஆண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கீழே ‘இந்தியா முந்துகிறது’ என்று ஒரு வரி. அச்சாகி மாவட்டங்களுக்குப் போன பிறகு, ஓய்வுபெற்ற புள்ளியியல் அதிகாரி ஒருவர் போன் செய்தார். “தம்பி, ஒண்ணு கணக்கெடுப்பு, ஒண்ணு பதிவு. ரெண்டையும் எப்படி ஒண்ணா வச்சீங்க?”

அப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தேன். கணக்கெடுப்போடு கணக்கெடுப்பை வைத்தால், நம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2015-16-இல் 41 என்கிறது, அடுத்த சுற்று 2019-21-இல் 35 என்றது. வங்கதேசத்தின் 38 இரண்டுக்கும் நடுவில், ஆக ஏறக்குறைய சமம். பதிவோடு பதிவை வைத்தால், 2018-இல் வங்கதேசத்தின் மாதிரிப் பதிவு 22, நம்முடையது 32. நான் எழுதிய முடிவு இரண்டிலுமே கிடையாது.

ஏன் இப்படி? கணக்கெடுப்பில் ஒரு பெண்ணிடம் உட்கார்ந்து, பெற்ற ஒவ்வொரு குழந்தையையும் வரிசையாகக் கேட்பார்கள்: எந்த மாதம் பிறந்தது, உயிரோடு இருக்கிறதா, இல்லையென்றால் எத்தனை மாதத்தில் போனது. அதிலிருந்து வருகிற விகிதம் முந்தைய ஐந்து ஆண்டுகளுக்கானது, அதாவது 2017-18 என்று அட்டையில் இருந்தாலும் எண்ணின் மையம் 2015 பக்கம். தாய் “ஒரு வயசுல போச்சு” என்பார், பதினோரு மாதத்தில் நடந்த மரணமாக இருக்கும், பன்னிரண்டு என்று எழுதினால் அது சிசு மரணக் கணக்கிலேயே வராது. மாதிரிப் பதிவு வேறு கதை: தேர்ந்தெடுத்த ஊரில் பகுதிநேரக் கணக்காளர் ஒருவர் பிறப்பு, இறப்புகளை நடக்க நடக்க எழுதுகிறார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் தனியாக வந்து வீடுவீடாகக் கேட்கிறார், இரண்டு பட்டியலும் பொருந்தாத இடத்தில் திரும்பப் போய் விசாரிக்கிறார்கள். கிடைப்பது அந்த ஓர் ஆண்டின் எண். இதற்காக 22-ஐ அப்படியே நம்பிவிடவும் வேண்டாம், பிறந்து சில மணி நேரத்தில் இறந்த குழந்தை பதிவில் விடுபடுவது எங்கும் நடக்கிறது.

திருத்தச் சீட்டு அச்சடித்து அனுப்பினோம். ஆனால் அந்த ஒரு வரியை அதற்குள் இரண்டு பேர் மேடையில் பேசிவிட்டார்கள். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ‘எப்படி எடுத்தது, எந்த ஆண்டுகளுக்கு’ என்று எழுதிவிட்டு, பிறகு நாடுகளை வரிசைப்படுத்துங்கள்.

நேபாளத்தின் 239-ஐயும் 151-ஐயும் கழித்துப் பார்ப்பது

லட்சம் பிறப்புக்குப் பேறுகால இறப்பு 239 என்றது 2016 கணக்கெடுப்பு, உடன்பிறந்த சகோதரிகளைப் பற்றிக் கேட்டுப் போட்ட கணக்கு, அதன் பிழை எல்லையே 134 முதல் 345 வரை. 151 என்பது 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் (சென்சஸில்) பதிவான மரணங்களைத் தொடர்ந்து விசாரித்து எடுத்தது. நேபாளம் முன்னேறியிருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் ‘ஐந்தே ஆண்டில் 88 குறைந்தது’ என்று எழுதாதீர்கள்.

மாலத்தீவின் ஒரே ஓர் ஆண்டு

ஆண்டுக்கு 6,000 பிறப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு தாய் இறந்தாலே லட்சம் பிறப்புக்கான பேறுகால இறப்பு விகிதம் 17 ஏறும். சில ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

வயதைப் பார்க்காமல் இறப்பு விகிதம்

இலங்கையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2012-லேயே 12.4 சதவீதம், இந்தியாவில் 2011-இல் 8.6. மூத்தவர்கள் கூடிய நாட்டில் மொத்த இறப்பும் கூடத்தான் செய்யும், அதை மருத்துவமனைகளின் குறையாகப் படிக்காதீர்கள். வயதுச் சீரமைத்த விகிதம் (எல்லா நாட்டுக்கும் ஒரே வயது அமைப்பை வைத்துக் கணக்கிட்டது) கிடைத்தால் மட்டும் ஒப்பிடுங்கள்.

ஐ.நா. மதிப்பீட்டின் பழைய பதிப்பு

ஒவ்வொரு சுற்றிலும் பழைய ஆண்டுகளின் சிசு மரண எண்களையும் 1990 வரை பின்னால் போய்த் திருத்துகிறார்கள். போன ஆண்டு அறிக்கையை மூடி வையுங்கள்.

இந்தியா என்ற ஒற்றை எண்

மாதிரிப் பதிவின்படி 2020-இல் சிசு மரண விகிதம் 28. கேரளம் 6, தமிழ்நாடு 13, மத்தியப் பிரதேசம் 43. இலங்கையின் பக்கத்தில் எதை வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கதையே மாறிவிடும், மாநிலங்களையும் காட்டுங்கள்.

அந்த இருவரும் இப்போது அட்டவணையை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். கணக்கெடுப்பு அட்டவணை நிரம்பிவிட்டது. பதிவு அட்டவணையில் நேபாளத்துக்கு நேரே காலி. “கணக்கெடுப்பு எண்ணையே அங்கேயும் போட்டுக்கலாமா சார்?” என்று கேட்டார்கள். வேண்டாம், காலியாகவே இருக்கட்டும் என்றேன்.