60 கிராம் அரிசி: ஊட்டச்சத்து படிக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்குப் பயிற்சிக்கு வரும் நியூட்ரிஷன் மாணவிகளிடம் ஒரு தட்டைக் காட்டி, "இதில் எத்தனை கிராம் இருக்கும்?" என்று கேட்டால் பலரும் சட்டென்று ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். "அரிசியாகவா, சோறாகவா?" என்று திருப்பிக் கேட்பவர் அபூர்வம். தாமதமாக வருவது, ரெக்கார்ட் நோட்டை முடிக்காமல் விடுவது போன்றவற்றுக்கு ஆசிரியர்களிடமே போதுமான அளவு திட்டு கிடைக்கிறது. அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

பச்சை எடை, வெந்த எடை

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுகள் இருக்கின்றன. தோல், முள், கொட்டை கழித்து, உண்ணத்தக்க பகுதி 100 கிராமுக்கு என்பதே அதன் கணக்கு. அரிசி என்று இருந்தால் அது உலையில் போடாத அரிசி.

100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி, 78 கிராம் மாவுச்சத்து. வடித்தால் அது ஏறத்தாழ 280 கிராம் சோறாகும். கலோரி ஏறத்தாழ அதே 350தான், கூடியது தண்ணீர். மாணவி 280 கிராம் சோற்றை நிறுத்து, அரிசிக்குரிய எண்ணால் பெருக்குகிறார். 980 கலோரி என்று வருகிறது. "இவ்வளவு சோறா!" என்று பாதியைக் குறைத்து எழுதுகிறார். நோயாளி பசியோடு வீட்டுக்குப் போகிறார்.

தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம். மார்த்தாண்டம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய், தினமும் ஒரே அளவு இன்சுலின். உணவு சார்ட்டில் 'அரிசி 60 கிராம்' என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். உங்கள் மனதில் இருப்பது வேகாத அரிசியின் எடை: 47 கிராம் மாவுச்சத்து, வெந்தால் 170 கிராம் சோறு. வீட்டம்மா புதிதாக வாங்கிய தராசில் 60 கிராம் சோற்றை வைக்கிறார். அதில் மாவுச்சத்து 17 கிராம்தான். இன்சுலின் குறையவில்லை, உடலுழைப்பும் குறையவில்லை. சர்க்கரை 70க்குக் கீழே போய், வியர்த்து, கை நடுங்கி, மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். "சார்ட்டை அப்படியே கடைப்பிடித்தோமே" என்று வீட்டார் சொல்வதும் பொய் இல்லை.

எரிச்சல் எதில் என்றால், இது தெரியாமல் நடக்கும் தவறு அல்ல. தேர்வில் கேட்டால் எல்லோரும் சரியாக எழுதுகிறார்கள். வார்டில் அச்சடித்த சார்ட் கையில் இருந்ததும் மறந்துபோகிறது.

வழி எளிது. ஒரு கிராம் வரை காட்டும் தராசு வாங்குங்கள். வீட்டில் பொங்கும் அதே அரிசியை 100 கிராம் நிறுத்து, வழக்கம்போல் வேகவைத்து, கஞ்சி முழுக்க வடிந்தபின் சோற்றை நிறுங்கள். வந்த எடையை 100ஆல் வகுத்தால் அந்த அரிசியின் பெருக்கம் கிடைக்கும். சிவப்புச் சம்பாவுக்கும் வெள்ளைப் புழுங்கலுக்கும் இது ஒன்றாக இருக்காது. இரண்டையும் தனித்தனியே எழுதி வையுங்கள். பழங்கஞ்சியானால் தண்ணீரை இறுத்துவிட்டு நிறுங்கள். சார்ட்டில் எப்போதும் மூன்று அளவு இருக்கட்டும்: பச்சை எடை, வெந்த எடை, அந்த வீட்டு அகப்பையில் எத்தனை. 'ஒரு கப்' என்று எழுதாதீர்கள். ஒரே வீட்டிலேயே நாலு அளவில் கப் கிடக்கும்.

மீனுக்கும் இதே கணக்கு. முட்டத்திலிருந்து வரும் சாளையை (மத்தி மீனை) அரை கிலோ வாங்கினால், தலையும் குடலும் முள்ளும் போக மூன்றில் ஒரு பங்காவது கழியும். அரை கிலோவுக்கும் புரதம் போட்டால் கணக்கு வானத்தில் நிற்கும். மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளி) மீனும் சாப்பிட்டதாக ஒருவர் சொன்னால், வயிறு நிறைந்தது கிழங்கால், புரதம் வந்தது மீனால் மட்டும். கிழங்கில் 100 கிராமுக்கு ஒரு கிராம் அளவில்தான் புரதம். எனவே, "எத்தனை துண்டு மீன்?" என்ற கேள்வியை விடக் கூடாது.

தேங்காயைக் கணக்கில் விடுவது

வெளியூர்ப் புத்தகத்தைப் பார்த்து 'எண்ணெய் 3 தேக்கரண்டி' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இங்கே நாலு பேருக்கான மீன்குழம்பில் அரைத் தேங்காயாவது அரைத்துவிடுவார்கள். துருவல் 120 கிராம் என்றால் கொழுப்பு சுமார் 48 கிராம், ஆளுக்கு 12 கிராம். இரண்டு தேக்கரண்டிக்கு மேல் எண்ணெய் குழம்பிலேயே போய்விட்டது. அவியலும் துவையலும் இன்னும் மிச்சம். அதற்காகத் தேங்காயே கூடாது என்று எழுதினால் சார்ட் அடுப்புக்குத்தான் போகும். எந்தக் கறியில் அரைப்பது, எதில் தாளிப்போடு நிறுத்துவது என்று வீட்டாரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

மருந்தை நிறுத்தச் சொல்வது

உங்கள் வேலை அல்ல.

பி.எஸ்சி. முடித்ததும் டயட்டீஷியன் என்று நினைப்பது

இந்தியன் டயட்டெடிக் அசோசியேஷன் நடத்தும் ஆர்.டி. (ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்) தேர்வுக்கு இளங்கலை மட்டும் போதாது. முதுகலையோ, டயட்டெடிக்ஸில் முதுகலை டிப்ளமோவோ வேண்டும். ஆஸ்பத்திரிப் பயிற்சியும் வேண்டும். வீட்டுக்குப் பக்கம், பஸ் வசதி என்று பார்த்து ஒரு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் பயிற்சி முடித்துவிட்டு, அது ஏற்றுக்கொள்ளப்பட்ட பட்டியலில் உண்டா என்று பிறகு தேடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. சேரும் முன் பட்டியலைப் பாருங்கள். 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தில் டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் இரண்டும் இடம்பெற்றுவிட்டன. பதிவு இல்லாமல் காலம் தள்ளலாம் என்ற எண்ணம் இனி செல்லாது.

பட்டத்தின் பெயரைப் பார்க்காமல் விண்ணப்பிப்பது

"உணவுதானே, ஃபுட் சேஃப்டி ஆபீசர் ஆகிவிடலாம்" என்று சேர்பவர்கள் உண்டு. 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் பெயர் சொல்லும் பட்டங்கள் உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், வேளாண்மை என்று போகின்றன. நியூட்ரிஷன் அந்த வரிசையில் இல்லை. இணையான பட்டம் என அரசு அறிவித்தவை தனி. உங்கள் சான்றிதழில் உள்ள பெயர் அதில் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். மாறாக, அங்கன்வாடிகளை நடத்தும் ஐ.சி.டி.எஸ். திட்டத்தில் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் பதவிக்கு நியூட்ரிஷனும் மனையியலும் படித்தவர்களுக்கு வழி இருக்கிறது. அதை டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வந்த பிறகுதான் பலர் கேள்விப்படுகிறார்கள்.

புரோட்டீன் பவுடர் கமிஷன்

வேண்டாம்.

அனுபவச் சான்று வாங்காமல் வேலையை விடுவது

வளைகுடாவுக்குப் போகிற எண்ணம் இருந்தால் இது முக்கியம். அங்கே உரிமம் தருமுன் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ நிறுவனம் மூலம் பழைய ஆஸ்பத்திரிக்கே கடிதம் போய்ச் சரிபார்ப்பார்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவியின் பெயர், முழுநேரமா என்ற விவரம் நாலும் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் சான்றில் உள்ள பெயரும், இனிஷியல் உட்பட, ஒன்றாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். கையெழுத்துப் போட்ட அதிகாரி மாறிப் போனபின் திருத்தி வாங்குவதற்குள் விசாவே காலாவதியாகிவிடும்.