வளர்ச்சிக் கொள்கை வரைவில் பாலினச் சமத்துவத்தைச் சரிபார்ப்பது எப்படி?

தேசியப் பொருளாதார வளர்ச்சிக் கொள்கையின் வரைவு கருத்துக் கேட்புக்காக வெளியிடப்படும்போது, பாலினச் சமத்துவத்தில் அக்கறை கொண்ட பலரும் நேராக மகளிர் மேம்பாட்டு அத்தியாயத்தைத்தான் புரட்டுகிறார்கள். அதைக் கடைசியில் படியுங்கள். பெண்களின் வருமானத்தையும் நேரத்தையும் பெரும்பாலும் தீர்மானிப்பவை வரி, உள்கட்டமைப்பு, பொதுச் செலவு பற்றிய அத்தியாயங்களே. அவற்றில் பெண்கள் என்ற சொல்லே வராமல் போகலாம்.

முதலில், வரைவு எதை அளக்கிறது என்று பாருங்கள். தேசியக் கணக்குகளுக்கான சர்வதேச விதிமுறையின்படி, வீட்டுத் தேவைக்குத் தண்ணீர் சுமந்து வருவது உற்பத்தியில் சேரும். அதே தண்ணீரில் சமைப்பதும் குழந்தையைக் குளிப்பாட்டுவதும் சேராது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை, ஊதியமற்ற பராமரிப்பு வேலையில் நாள்தோறும் 1,640 கோடி மணி நேரம் கழிவதாகவும், அதில் முக்கால் பங்குக்கு மேல் பெண்களுடைய உழைப்பு என்றும் மதிப்பிட்டது. ஆகவே, இலக்குகள் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை (யார் எந்த வேலையில் எத்தனை மணி நேரம் செலவிடுகிறார்கள் என்ற கணக்கை) அடிப்படையாகக் கொண்டுள்ளனவா என்று தேடுங்கள். பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு விகிதத்தை, அதாவது வேலையில் இருப்போர், வேலை தேடுவோர் ஆகியோரின் பங்கை, உயர்த்துவது மட்டுமே இலக்காக இருந்தால் அதை ஐயத்தோடு அணுகுவது நல்லது. குடும்ப நிலத்திலோ கடையிலோ ஊதியமின்றி உழைப்பவரையும் பல நாடுகள் அந்தக் கணக்கில் சேர்ப்பதால், பெண்ணின் கைக்குக் காசு வராமலேயே விகிதம் உயர்ந்துவிடக்கூடும்.

வரி அத்தியாயத்தில் ஒரே கேள்வி போதும்: வருமான வரி தனிநபருக்கா, தம்பதிக்கா? இருவர் வருமானத்தையும் கூட்டி வரி விதிக்கும் முறையில், கணவரின் சம்பளம் ஏற்கெனவே 30 சதவீத அடுக்கை எட்டியிருந்தால், புதிதாக வேலைக்குச் செல்லும் மனைவி ஈட்டும் முதல் தொகைக்கே 30 சதவீதம் பிடித்தம் ஆகலாம். தனித்தனியாகக் கணக்கிட்டால், அதே தொகை வரிவிலக்கு வரம்புக்குள் அடங்கிவிடும். குழந்தைக் காப்பகக் கட்டணத்தையும் கழித்துப் பார்க்கும் குடும்பம், அவர் வீட்டில் இருப்பதே லாபம் என்று முடிவு செய்வதில் வியப்பில்லை. சுவீடன் 1971இல் தனிநபர் வரிக்கு மாறியது. என் பார்வையில், பல பயிற்சித் திட்டங்களைவிட இத்தகைய ஒரு திருத்தம் அதிகம் சாதிக்கும்.

உள்கட்டமைப்பு என்றால் சாலையும் துறைமுகமும் மட்டும்தானா என்றும் பாருங்கள். கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் நாளொன்றுக்கு 5 டாலர் கட்டணத்தில் குழந்தைப் பராமரிப்பைத் தொடங்கிய பிறகு, சிறு குழந்தைகளின் தாய்மார்கள் வேலைக்குச் செல்வது அதிகரித்தது. காப்பகம் கட்டும் செலவை நலத்திட்டம் என்ற தலைப்பில் ஒதுக்கியிருந்தால், அதை முதலீட்டுப் பட்டியலுக்கு மாற்றக் கோருங்கள். நிதி நெருக்கடி வரும்போது நலத்திட்டங்களில் கை வைக்கப்படுவதுண்டு (முதலீடும் தப்புவதில்லை என்பது வேறு விஷயம்). செலவுக் குறைப்பு பற்றிய பத்தியையும் இதே கண்ணோடு படியுங்கள். மருத்துவமனைப் படுக்கைகள் குறைந்தால் நோயாளியைக் கவனிக்கும் வேலை மறைவதில்லை, வீட்டுக்கு இடம் மாறுகிறது. செவிலியர் பணியிடங்களும் குறைவதால் பெண்களுக்கு அது இரட்டை இழப்பு.

இனி மகளிர் அத்தியாயத்துக்கு வரலாம். ஒவ்வொரு வாக்குறுதிக்கும் எதிரே தொகை, பொறுப்பான அமைச்சகம், காலக்கெடு ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டே செல்லுங்கள். பொறுப்பு மகளிர் அமைச்சகத்தோடு நின்றுவிட்டால் நிதியமைச்சகத்தைக் கட்டுப்படுத்தும் வழி இருக்காது. ஆஸ்திரேலியா 1984இலேயே வரவுசெலவுத் திட்டம் பெண்களை எப்படிப் பாதிக்கிறது என்ற அறிக்கையை வெளியிட்டது. ஆஸ்திரியாவோ வரவுசெலவு நிர்வாகத்தில் ஆண் பெண் சமத்துவத்தை நாடும் கடமையை அரசமைப்புச் சட்டத்திலேயே சேர்த்துள்ளது.

கருத்து எழுதும்போது, சமத்துவம் தேவை என்று பொதுவாக எழுதாமல், பத்தி எண்ணைக் குறிப்பிட்டு, இப்போதுள்ள வாசகத்தையும் அதற்குப் பதிலாக நீங்கள் முன்மொழியும் வாசகத்தையும் அடுத்தடுத்துத் தாருங்கள். வரைவைத் திருத்தும் அதிகாரி அப்படியே எடுத்துச் சேர்க்கக்கூடிய வடிவம் அதுதான்.