ஸ்கேன்ல குழந்தை மூளையில சிஸ்ட்னு வந்தா அடுத்து என்ன பண்ணணும்

கர்ப்பகால ஸ்கேன் ரிப்போர்ட்ல சிஸ்ட் (தண்ணி நிறைஞ்ச சின்ன பை)னு பார்த்ததும் பதறி கூகுள்ல தேட ஆரம்பிக்காதீங்க, முதல்ல ரெண்டு விஷயம் பாருங்க, அது மூளையில எந்த இடத்துல இருக்கு, தனியா இருக்கா இல்ல கூட வேற குறை ஏதாவது எழுதியிருக்காங்களா. எல்லாமே இந்த ரெண்டுலதான் இருக்கு.

கோராய்டு பிளெக்சஸ் (மூளைக்குள்ள நீர் சுரக்குற பகுதி) சிஸ்ட்னு இருந்தா முக்கால்வாசி நிம்மதியா இருக்கலாம். 100 கர்ப்பத்துல ஒண்ணு ரெண்டுல 5ம் மாச ஸ்கேன்ல இது தெரியும், பெரும்பாலும் 28 வாரத்துக்குள்ள தானா மறைஞ்சிடும், தனியா இருந்தா குழந்தையோட மூளை வளர்ச்சியையும் பாதிக்காது. அப்புறம் ஏன் டாக்டர் ட்ரைசோமி 18 பத்தி பேசுறாங்கன்னா, அந்த குரோமோசோம் குறை இருக்குற குழந்தைங்களுக்கு இந்த சிஸ்ட் நிறைய வரும், ஆனா அவங்களுக்கு இதயக் குறை, விரலை மடக்கி மூடியே வச்சிருக்குறது, எடை கம்மின்னு வேற அடையாளமும் பெரும்பாலும் இருக்கும். அதனால "கையும் இதயமும் தெளிவா பார்த்தீங்களா"ன்னு கேளுங்க. மத்ததெல்லாம் நார்மல், என்ஐபிடிலயும் (அம்மா ரத்தத்தை வச்சு குழந்தையோட குரோமோசோம் பார்க்குற டெஸ்ட்) லோ ரிஸ்க்னா பொதுவா அம்னியோ (குழந்தையை சுத்தி இருக்குற பனிக்குட நீரை ஊசியால எடுத்து பண்ற டெஸ்ட்) தேவைப்படாது. வேற குறையும் சேர்ந்து இருந்தா மட்டும் என்ஐபிடியோட நிறுத்திடாதீங்க, அது ஸ்கிரீனிங் தான், வாய்ப்பு எவ்வளவுன்னு மட்டும் தான் சொல்லும், உறுதியா சொல்றது 15 வாரத்துக்கு மேல பண்ற அம்னியோ தான்.

அரக்னாய்டு சிஸ்ட் வேற, அது மூளைக்கு வெளிய சவ்வுக்குள்ள தண்ணி சேர்றது. பல நேரம் கடைசி மூணு மாசத்துல தான் கண்ணுக்கு தெரியும், அதனால முன்னாடி ஸ்கேன் பண்ணவங்க கவனிக்காம விட்டுட்டாங்கன்னு நினைக்க வேண்டாம். இதுல கலர் டாப்ளர் (ரத்த ஓட்டத்தை கலர்ல காட்டுற ஸ்கேன்) போட்டாங்களான்னு கண்டிப்பா கேளுங்க, ஏன்னா மூளையில இருக்குற கேலன்ங்கிற ரத்தக்குழாயோட வீக்கமும் ஸ்கேன்ல இதே மாதிரி கருப்பா தான் தெரியும், உள்ள ரத்தம் ஓடுதான்னு பார்த்தா தான் பிரிச்சு சொல்ல முடியும், ரெண்டுக்கும் வைத்தியமே வேற.

சிஸ்ட் பின்மண்டை பக்கம் இருந்தா சிறுமூளையோட நடுப்பகுதி வெர்மிஸ் முழுசா இருக்கான்னு பார்க்கணும், ஆனா 18 வாரத்துக்கு முன்னாடி அது முழுசா வளர்ந்திருக்காது, அப்ப எடுத்த ஸ்கேனை வச்சு மட்டும் எந்த முடிவும் எடுக்காதீங்க ப்ளீஸ். வென்ட்ரிக்கிள் (மூளைக்குள்ள நீர் இருக்குற அறை) ஓரமா சிஸ்ட் இருந்தா சிஎம்விங்கிற வைரஸ் தொற்று இருக்கான்னு டெஸ்ட் எடுப்பாங்க.

அடுத்தது ஃபீட்டல் மெடிசின் (வயித்துல இருக்குற குழந்தைக்கான சிறப்பு) டாக்டர்கிட்ட நியூரோசோனோகிராம், அதாவது குழந்தையோட மூளையை மட்டும் விவரமா பார்க்குற ஸ்கேன். தலை கீழ திரும்பி இருந்தா பிறப்புறுப்பு வழியா பார்ப்பாங்க, பயப்படாதீங்க, குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது, படமும் இன்னும் தெளிவா வரும். அப்பவும் சந்தேகம் இருந்தா எம்ஆர்ஐ, அதுல கதிர்வீச்சு கிடையாது, கான்ட்ராஸ்ட் ஊசியும் போட மாட்டாங்க. 20 வாரத்துக்கு முன்னாடி எடுத்தா பெருசா பிரயோஜனம் இல்ல, மூளை மடிப்பெல்லாம் பார்க்க 28 வாரத்துக்கு மேல தான் நல்லது.

டாக்டர்கிட்ட கேட்க இதை எழுதி வச்சுக்கோங்க: வென்ட்ரிக்கிள் 10 மில்லிமீட்டருக்குள்ள இருக்கா, கார்பஸ் கலோசம் (மூளையோட ரெண்டு பாதியையும் இணைக்கிற பகுதி) இருக்கா, சிஸ்ட் பக்கத்துல எதையாவது அழுத்துதா, திரும்ப எப்ப அளக்கணும். சிஸ்ட் பெருசாகிட்டே போனாலோ மூளையில நீர் கோர்த்தாலோ பிரசவத்துக்கு முன்னாடியே குழந்தைகள் நியூரோசர்ஜனை பார்த்து பேசிடுங்க, எந்த ஆஸ்பத்திரில பிரசவம்னு அவங்ககிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.