‘கீமோன்னா அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடும் தவறுகள்

அம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்ததும் கீமோ சொன்னார்கள். 21 நாளுக்கு ஒருமுறை சென்னையில் ஆக்ஸாலிப்ளாட்டின் ட்ரிப். கூடவே 14 நாள் காலையும் இரவும் கேபசிடபின் மாத்திரை, பிறகு 7 நாள் ஓய்வு. முதல் ட்ரிப் முடிந்த இரவே பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டோம். மறுநாள் காலை காபி போட ஃபிரிட்ஜைத் திறந்து பால் பாக்கெட்டைத் தொட்ட அம்மா அப்படியே கீழே போட்டுவிட்டார். “ஃபிரிட்ஜ் ஷாக் அடிக்குதுடி” என்றார். நான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் டெஸ்டர் வைத்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லையே என்று நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

ஷாக் ஃபிரிட்ஜில் இல்லை, மருந்தில். ஆக்ஸாலிப்ளாட்டின் நரம்புகளைக் குளிர்ச்சிக்குக் கூச வைக்கும். ட்ரிப் ஏறிய சில மணி நேரத்திலேயே தொடங்கி, சில நாள் இருக்கும். குளிர்ந்த பாத்திரம், பைப்புத் தண்ணீர், ஏ.சி. காற்று எது பட்டாலும் விரல் நுனியில் ஊசி குத்தும். குளிர்ந்ததைக் குடித்தால் தொண்டை இறுகி மூச்சே நின்றுவிடும் போலத் தோன்றும். அன்று மதியம் ஃபிரிட்ஜ் மோர் குடித்து அம்மா பயந்துபோனது அதனால்தான். வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக விழுங்கினால் சரியாகிவிடும். ஆனால் முகம் வீங்கினாலோ, உடம்பில் தடிப்பு வந்தாலோ, மூச்சு இரைத்தாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம். வெந்நீர் குடித்துப் பார்த்துக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இதெல்லாம் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் இருந்தது. நாங்கள் படிக்கவில்லை. அது முதல் தவறு, அதை விடுங்கள். அதைவிடப் பெரிய தவறு ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. கீமோ வார்டு வாசலில் காத்திருக்கும் எல்லோர் வாயிலும் அதைக் கேட்கலாம்: “கீமோன்னா அப்படித்தான் இருக்கும்.” நான் பார்த்தவரை, மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து பிறந்தவை.

காய்ச்சலை மாத்திரை போட்டு அமுக்குவது

பதினோராம் நாள் சாயங்காலம் அம்மா உடம்பு சுட்டது. ஒரு டோலோ போட்டார், இறங்கிவிட்டது. எங்களுக்கு நிம்மதி. நடுராத்திரி கட்டிலே ஆடுகிற மாதிரி குளிர் நடுக்கம். விடிந்ததும் பக்கத்துக் கிளினிக்கில் இடுப்பில் ஒரு ஊசி போட்டு, மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். சென்னைக்குப் போன் போட்டபோது சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி: “மாத்திரை போடுறதுக்கு முன்னாடி டெம்பரேச்சர் எவ்வளவும்மா?” சொல்ல எங்களிடம் பதில் இல்லை. வீட்டில் தெர்மாமீட்டரே இல்லை.

நடந்தது இதுதான். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளையணுக்களும் அதில் அடிபடும். பல மருந்துகளுக்கு, ட்ரிப் போட்ட 7 முதல் 14 நாளுக்குள் இந்த அணுக்களின் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகிறது. வார்டில் ‘கவுன்ட் குறைஞ்சிருச்சு’ என்பார்கள். அந்த நாட்களில் கிருமி உள்ளே வந்தால் சீழ் கட்டவோ, வீங்கிச் சிவக்கவோ உடம்பில் ஆள் இல்லை. பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அபாய மணி. அதையும் மாத்திரை போட்டு அமுக்கிவிட்டால் உள்ளே தொற்று ஓடிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது. ஆகவே முதலில் தெர்மாமீட்டர். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டியதுதான். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. காய்ச்சல் இல்லாமல் வெறும் நடுக்கம் வந்தாலும் சும்மா இருக்கக்கூடாது.

கீமோ போட்ட ஆஸ்பத்திரிக்கேதான் போவேன் என்று ஏழெட்டு மணி நேரம் பயணம் செய்வது இன்னொரு தவறு. ஃபைலைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் இன்னும் நல்லது, நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். போகிற வழியில் சென்னைக்குப் போன் பேசலாம். போனதும் “கீமோ போட்டு பதினோரு நாள் ஆச்சு” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வரிசையில் நின்று, “காய்ச்சலுங்க” என்று மட்டும் சொன்னால் வைரல் காய்ச்சலோடு சேர்த்துவிடுவார்கள்.

அந்த இடுப்பு ஊசி வேறு. ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்களும் கீமோவில் குறையலாம். அவை குறைந்திருக்கும்போது தசையில் போடும் ஊசி உள்ளே ரத்தம் கட்ட வைக்கும். அம்மாவுக்கு உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய், இரண்டு வாரம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள், பல் பிடுங்குவது, எனிமா எதையும் கேன்சர் டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

டோஸ் குறைந்துவிடும் என்று மறைப்பது

அம்மாவுக்கு உதிரி மல்லிகை வாங்கிக் கட்டுவது பழக்கம். டிவி பார்த்துக்கொண்டே விரல் தானாக ஓடும். நாலாவது சைக்கிளுக்குப் பிறகு (ஒரு ட்ரிப்பும் அதன் 21 நாளும் சேர்ந்தது ஒரு சைக்கிள்) கட்டிய சரமாக வாங்க ஆரம்பித்தார். விலை கூடுதலாச்சே என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். அப்புறம்தான் சொன்னார், நாரும் பூவும் விரலுக்குத் தட்டுப்படவே இல்லை, ரவிக்கை ஹூக்கைக்கூடத் தடவித் தடவித்தான் போடுகிறேன் என்று. “சொன்னா மருந்தைக் குறைச்சிடுவாங்கடி, அப்புறம் வியாதி திரும்ப வந்துட்டா?”

குளிரில் கூசுவது சில நாளில் போய்விடும். இந்த மரமரப்பு அப்படியல்ல. சைக்கிளுக்குச் சைக்கிள் சேர்ந்துகொண்டே போகும், மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் கூடும், சிலருக்கு நிரந்தரமாகவே தங்கிவிடும். அதனால் டாக்டர் ஒவ்வொரு முறையும் “பட்டன் போட முடியுதா?” என்று கேட்பதைச் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் அடுத்த டோஸ். பாதம் மரத்திருந்தால் வெயிலில் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு நடப்பதும் வேண்டாம். கொப்புளம் வந்த பிறகுதான் சூடே தெரியும்.

குறைத்தால் கெட்டுவிடும் என்ற பயத்துக்கு ஒரு பதில் உண்டு. மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆறு மாதக் கீமோ வேண்டுமா, மூன்று மாதம் போதுமா என்று 12,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துப் பல நாடுகளில் ஆராய்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆபத்து குறைந்த பிரிவினர் அம்மா எடுத்த இதே மருந்துக் கூட்டை எடுத்தபோது, மூன்று மாதம் ஏறக்குறைய ஆறு மாதத்துக்குச் சமமாக இருந்தது. நரம்புப் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. எல்லோருக்கும் இது பொருந்தாது. ஆனால் குறைப்பது என்பது கைவிடுவது அல்ல.

சொல்வதாலேயே பலன் உண்டு என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், நோய் பரவிய நிலையில் இருந்த 766 பேரைக் கொண்டு ஈதன் பேஷ் குழுவினர் நடத்திய ஆய்வு அது. ஒரு பிரிவினர் தங்கள் உபாதைகளைக் கணினியில் தாங்களே பதிந்தார்கள். மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும். மறு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. 2017-ல் வந்த முடிவின்படி, பதிந்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26. இதை அம்மாவிடம் சொன்னபோது, “புலம்பறதுக்கு இவ்வளவு மவுசா?” என்றார்.

அடுத்த நாற்காலிக்காரர் வைத்தியம்

கேபசிடபின் எடுப்பவருக்கு, ஒரு நாளில் வழக்கத்தைவிட நாலு தடவை கூடுதலாக வயிற்றால் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரை அழைக்க வேண்டும். நாங்களோ, காசு கொடுத்து வாங்கிய மாத்திரை, கோர்ஸை முடித்துவிடலாம் என்று பேதி வந்த பிறகும் இரண்டு வேளை போட்டோம். இந்த மருந்தை உடைக்கும் என்சைம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு முதல் சைக்கிளிலேயே கடும் பேதியும் வாய் முழுக்கப் புண்ணும் வரும். அங்கே பொறுமை உயிரைக் குடிக்கும்.

அதே பேதி பக்கத்து நாற்காலிக்காரருக்கு வந்தால் வைத்தியம் வேறாக இருக்கலாம். அவர் எடுப்பது நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற, எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி என்றால், அவருடைய எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு தேவைப்படும். கடைசி ஊசி போட்டுப் பல மாதம் கழித்துக்கூட இது வரும். பேதியை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளித்தால் நாள்தான் வீணாகும்.

சித்தப்பா முள் சீத்தா இலைக் கஷாயத்தோடு வந்தார். பக்கத்து வீட்டில் பப்பாளி இலைச் சாறு. நான் தடுத்துக்கொண்டே இருந்தேன். ஆனால் நானே மெடிக்கலில் வாங்கிக் கொடுத்த சத்து மாத்திரை தப்பென்று அப்புறம்தான் தெரிந்தது. அதில் இருந்த ஃபோலிக் ஆசிட் கேபசிடபினின் நச்சைக் கூட்டக்கூடியது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கேபசிடபினும் வார்ஃபரினும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். பையில் இருக்கும் எல்லா மாத்திரையையும் டாக்டர் மேஜையில் கொட்டிக் காட்டிவிடுவதே மேல்.

சின்னச் சின்னதாக இன்னும் உண்டு. வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடுவது. எழுதிக்கொடுத்த நேரத்துக்கு முன்கூட்டியே போட வேண்டும். ஒண்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை மலத்தைக் கட்டும் என்று தெரியாமல் நாலு நாள் முக்குவது. வாய்ப்புண்ணுக்குக் காரமான மவுத்வாஷ். அதைவிட உப்பும் சமையல் சோடாவும் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீர் எவ்வளவோ தேவலை. டாக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்து போட்டவர்கள், ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போவதை ரத்தம் என்று நினைத்து நடுங்குவது.

இப்போது ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். நோய், மருந்துகளின் பெயர், கடைசி ட்ரிப் தேதி, கடைசி கவுன்ட், சென்னை வார்டு நம்பர். அதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு வரி: ‘காய்ச்சல் என்றால் உடனே ரத்தம் எடுத்துப் பார்க்கவும். இடுப்பில் ஊசி போட வேண்டாம்.’ தெர்மாமீட்டர் அம்மாவின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது. எங்கே வைத்தாலும் தேட வேண்டியிருக்கும், அதை மட்டும் தேட வேண்டியதில்லை என்று அவரேதான் அங்கே வைத்தார்.