நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் காருக்கும் தெருவில் இடம் பிரிப்பது எப்படி?

அகலத்தை அளக்கும் முன்பே வேகத்தை முடிவு செய்துவிடுங்கள். மற்ற அளவுகளெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் வரும். நடப்பவர், சைக்கிளில் செல்பவர், மோட்டார் வாகனம் மூவரும் கலந்து புழங்கும் தெரு என்றால் மணிக்கு 30 கி.மீ. போதும். அதைத் தாண்டிய வேகம் வேண்டுமென்றால் ஒவ்வொருவருக்கும் தனி இடம் பிரித்துக் கொடுத்தே ஆக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஓட்டுநருக்கு 1 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பலருக்கு அதற்கும் மேலேயே ஆகும். காய்ந்த சாலையில் 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கி.மீ.யில் வரும் கார் அந்த ஒரு வினாடியிலேயே ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். முழுதாக நிற்க 28 மீட்டர் பிடிக்கும். முதல் கார் நின்றுபோன அதே இடத்தில் இரண்டாவது கார் வேகம் குறையாமல் மோதுகிறது. மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 30ஐவிட 50இல் அது கிட்டத்தட்ட 2.8 மடங்கு. மனிதர் தவறு செய்வார், அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலைதான் அமைய வேண்டும் என்பதே 1997இல் சுவீடன் நாடாளுமன்றம் ஏற்ற 'விஷன் ஜீரோ' கொள்கையின் அடிப்படை.

'30' என்று பலகை நட்டால் மட்டும் வேகம் குறைந்துவிடாது. அகலமாக, நேராக, தடையின்றித் தெரியும் சாலையில் கால் தானாகவே ஆக்ஸிலரேட்டரை அழுத்தும். ஆகவே வரைபடத்திலேயே வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும்.

ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வாருங்கள்

பெரும்பாலான வரைபடங்கள் நடுக்கோட்டில் தொடங்குகின்றன. வாகனத் தடங்களை வரைந்து முடித்து, மிச்சம் கிடப்பதை நடைபாதை என்கிறார்கள். நடைபாதை ஓரிடத்தில் 2 மீட்டராகவும் அடுத்த வளைவில் அரை மீட்டராகவும் இருப்பது இதனால்தான். சுவரோரத்தில் தொடங்கி உள்ளே வாருங்கள்.

சுவருக்குச் சுவர் 20 மீட்டர் உள்ள தெருவை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் நடக்க 2.2 மீட்டர், அதையொட்டி மரம், மின்கம்பம், குப்பைத்தொட்டி, மின்பெட்டி ஆகியவற்றுக்கு 1.2 மீட்டர் பட்டை. இரண்டு பக்கமும் சேர்த்து 6.8. சைக்கிளுக்கு 2 மீட்டரும் காப்பு இடைவெளி 0.6 மீட்டரும், இரு பக்கத்துக்கும் 5.2. வாகனத் தடம் இரண்டு, தலா 3 மீட்டர், 6. மீதி 2 மீட்டரை நடுத்திட்டாக வைக்கலாம், அல்லது ஒரு பக்கம் பார்க்கிங்கும் சரக்கு இறக்கும் இடமுமாக மாற்றலாம்.

இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க 1.8 மீட்டர் வேண்டும். சுவரை உரசிக்கொண்டு யாரும் நடப்பதில்லை என்பதால் அதற்கு மேல் கொஞ்சம் கூட்டுகிறோம். அந்த 1.2 மீட்டர் பட்டையை வீண் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கம்பமும் பெட்டியும் நடக்கும் இடத்துக்குள்ளேயே வந்து நிற்கும்.

நடைபாதையின் உயரம் 150 மி.மீ. அதைவிட உயர்த்தினால் முதியவர்கள் ஏற முடியாமல் சாலையிலேயே நடப்பார்கள். வீட்டு வாசல்களில் வண்டி ஏற நடைபாதையைத் தாழ்த்துவது எங்கும் காணும் தவறு. பத்து வாசல் இருந்தால் பத்து முறை இறங்கி ஏற வேண்டும். யாருக்கும் பொறுமை இருக்காது. நடைபாதை மட்டமாகவே ஓடட்டும். வண்டி ஏறும் சரிவு மரமும் கம்பமும் நிற்கும் அந்த 1.2 மீட்டர் பட்டைக்குள்ளேயே முடியட்டும். மழைநீர் வடிய 2 சதவீதப் பக்கச்சரிவு போதும். அதற்கு மேல் போனால் சக்கர நாற்காலி சாலைப் பக்கம் இழுக்கும்.

சைக்கிள் தடம் 2 மீட்டர் இருந்தால் ஒருவரை ஒருவர் முந்தலாம். 1.5 மீட்டரில் போகலாம், முந்த முடியாது. காப்பு இடைவெளி நின்றிருக்கும் காரின் கதவு திறப்பதற்காக. அதை வெறும் பெயின்ட் கோடாக விட்டால் சில நாட்களில் பார்க்கிங் அதை விழுங்கிவிடும். விளிம்புக்கல்லோ கம்பங்களோ வேண்டும். கம்பங்களுக்கிடையே 1.2 முதல் 1.5 மீட்டர் விட்டால் சக்கர நாற்காலி நுழையும், கார் நுழையாது. வடிகால் மூடியின் கம்பிகள் சைக்கிள் போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். திசையோடு இருந்தால் சக்கரம் உள்ளே சிக்கி ஆள் தலைகுப்புற விழுவார்.

பேருந்து ஓடும் தடத்துக்கு 3.3 மீட்டர் வரை கொடுக்கலாம். 3.5 மீட்டரும் அதற்கு மேலும் நெடுஞ்சாலைக்கு உரியவை. நகரத் தெருவில் அந்த அகலம் வேகத்தைத்தான் கூட்டும்.

12 மீட்டர் தெருவில் இத்தனையும் அடங்காது, திணிக்கவும் வேண்டாம். இருவழி வாகனப் பாதைக்கு 5.5 மீட்டர் விட்டு, மீதி முழுவதையும் நடைபாதைக்கும் மரத்துக்கும் கொடுங்கள். சைக்கிளும் வாகனமும் 30 கி.மீ.யில் கலந்து போகட்டும்.

சந்திப்புகள்

நேர்த்தெருவில் எவ்வளவு அழகாக வரைந்தாலும், சைக்கிளும் நடப்பவரும் திரும்பும் வாகனத்திடம் மாட்டுவது சந்திப்பில்தான். உங்கள் நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள்.

முதலில் முனையின் வளைவு ஆரம். 3 முதல் 5 மீட்டர் என்றால் கார் நன்றாக வேகம் குறைத்துத்தான் திரும்ப முடியும். 12 மீட்டர் என்றால் பெரிதாகக் குறைக்காமலே வளைத்துக்கொண்டு போகும். தெருவைக் கடக்கும் தூரமும் நீளும். கவனம்: ஓரத்தில் பார்க்கிங்கோ சைக்கிள் தடமோ இருந்தால் வாகனம் முனையிலிருந்து தள்ளி வளையும். அப்போது உண்மையான ஆரம் விளிம்புக்கல்லின் ஆரத்தைவிடப் பெரிது. ஆகவே கல்லை மட்டும் அளக்காமல் சக்கரம் போகும் தடத்தை வரைந்து பாருங்கள். எப்போதாவது வரும் லாரிக்காக முனையை அகலப்படுத்த வேண்டாம். லாரிச் சக்கரம் ஏறிப்போகக்கூடிய தாழ்வான கல்பட்டை ஒன்றை முனையில் பதித்தால் போதும், கார்கள் அதைத் தவிர்த்தே திரும்பும்.

கிராசிங்குக்கு முன்னால் 6 மீட்டருக்குப் பார்க்கிங் கூடாது. நின்றிருக்கும் வேனுக்குப் பின்னாலிருந்து வெளிப்படும் குழந்தையை ஓட்டுநர் காண வழியே இல்லை. அறிவிப்பை நம்பாமல் அந்த இடத்துக்கு நடைபாதையை நீட்டிவிடுங்கள். கடக்கும் தூரமும் குறையும்.

சைக்கிள் கடக்கும் பாதையை முக்கிய சாலையிலிருந்து சுமார் 5 மீட்டர், அதாவது ஒரு கார் நீளம், பக்கத்தெருவுக்குள் தள்ளி வையுங்கள். நெதர்லாந்தில் பரவலாகக் காணும் முறை இது. திரும்பிய கார் அந்த இடைவெளியில் நின்று வழிவிடலாம், பின்னால் வருபவரை மறிக்காமல். அந்த நிலையில் ஓட்டுநரின் கண்ணுக்கு சைக்கிள் நேர் எதிரே தெரியும், கண்ணாடியில் தேட வேண்டியதில்லை.

சிக்னல் நேரத்தைப் பெரும்பாலும் வினாடிக்கு 1.2 மீட்டர் நடைவேகத்தில் கணக்கிடுகிறார்கள். முதியவர்களும் குழந்தைகளும் கடக்கும் இடத்தில் 1 மீட்டருக்கும் கீழே எடுங்கள். வாகனங்களுக்குப் பச்சை விழுவதற்கு 3 முதல் 7 வினாடி முன்பே நடப்பவருக்குப் பச்சை கொடுத்தால், கார் திரும்பும்போது அவர்கள் சாலை நடுவில் கண்ணுக்குத் தெரிகிறபடி இருப்பார்கள். நடுத்திட்டு 2 மீட்டருக்குக் குறையக் கூடாது; குறைந்தால் சைக்கிளோ குழந்தையின் தள்ளுவண்டியோ வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

சிக்னல் இல்லாத கிராசிங்கை நடைபாதை மட்டத்தை நெருங்கும்படி 100 மி.மீ. வரை உயர்த்தலாம். சரிவு 1:10, பேருந்து வரும் தெருவில் 1:15. மழைநீர் ஓடிவரும் பக்கத்தில் மேட்டையொட்டி நீர் தேங்கும். அங்கே வடிகால் வாய் வைக்காமல் விட்டால் முதல் மழையிலேயே குளமாகி, ஆட்கள் வேறிடத்தில் கடப்பார்கள். சாதாரண வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் நீளம், 100 மி.மீ. உயரம், வட்ட வளைவு. குட்டையான, கூரான மேடு இருசக்கர வாகனத்தைத் தூக்கி எறியும்.

கல் பதிக்கும் முன்

பெயின்ட், கூம்பு, தொட்டிச்செடி கொண்டு புது அமைப்பைச் சில வாரம் நடத்திப் பாருங்கள். வேகத்தை நெரிசல் இல்லாத நேரத்தில், குறிப்பாக இரவில், அளக்க வேண்டும். நெரிசலில் எந்தத் தெருவும் பாதுகாப்பாகத்தான் தெரியும். சராசரியைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். நூற்றில் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் போகின்றன என்று பாருங்கள். அது 30ஐ நன்றாகத் தாண்டினால் தடத்தை இன்னும் குறுக்குங்கள், அல்லது மேடுகளுக்கிடையே உள்ள தூரத்தை 80 மீட்டராகக் குறையுங்கள். தீயணைப்பு வண்டியை வரவழைத்து ஒவ்வொரு முனையிலும் திருப்பிப் பார்த்து, சக்கரத்தடம் விழுந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்த பிறகே விளிம்புக்கல்லின் இடத்தை முடிவு செய்யுங்கள்.