தேர்தல் முடிந்தும் பேச்சு நின்றுபோன உறவா?

அரசியல் சண்டையில் தம்பியோடோ பழைய நண்பரோடோ பேச்சு நின்றுவிட்டதா? வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதிச் சமாதானம் பேச வேண்டாம். எழுத்தில் குரல் தெரியாது. நல்ல மனதோடு எழுதியதுகூடக் குத்தலாகப் படும். ஃபோன் செய்யுங்கள், முடிந்தால் நேரில் போங்கள்.

முதல் வாக்கியத்தை மட்டும் முன்பே யோசித்து வையுங்கள். “அன்றைக்கு நான் பேசிய விதம் தப்பு, உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.” அவ்வளவுதான். அதோடு ஒரு ‘ஆனா’ ஒட்டிக்கொண்டால் மன்னிப்பு மறுபடியும் வாதமாகிவிடும். கருத்தை நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மன்னிப்பு, வாயிலிருந்து வந்த சொல்லுக்குத்தான்.

அப்புறம் அரசியல் பேச்சு வந்தால், “ஏன் அப்படி நினைக்கிறாய்?” என்பதைவிட, “இது உனக்கு எப்போதிலிருந்து முக்கியமாகப் பட்டது?” என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்குக் காரணங்களை அடுக்குவார்கள். இரண்டாவதற்குத் தங்கள் கதையைச் சொல்வார்கள். நடுவில் திருத்தாமல் கேளுங்கள், இதுதான் ரொம்பக் கஷ்டம்.

பதிலே வரவில்லையா? சரி, துரத்தாதீர்கள். சில வாரம் கழித்து உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் விசாரியுங்கள். அதுவரை குடும்பக் குரூப்பில் கட்சி ஃபார்வேர்டு எதையும் போடாதீர்கள். அவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.